மறுபடியும் 'ஈஸ்'

நவம்பர் 3
ரொம்ப நாளைக்கு அப்புறம் 'ஈஸ்' ஆல்பத்தை எடுத்தேன். இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த இல் பலெத்தோ தி ப்ரோன்ட்சோ என்ற ராக் குழு, 1972, பாலிடார் வெளியீடு. மொத்தமே 38 நிமிடம் போல. முதல் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அலுப்பில்லை, இன்றைக்கு அந்தப் பதினைந்து நிமிடமே போதும் என்றிருந்தது.

நவம்பர் 4
அதே முதல் பகுதி, இந்த முறை ஹெட்போனில். வார்த்தையே இல்லாமல் பெண் குரல்கள் பாடத் தொடங்குகின்றன. பின்னாலேயே ஜான்னி லியோனேயின் ஆர்கன். பாடுவதும் அவர்தான், பியானோ, மூக் சிந்தசைசர், நாடாவில் பதிந்த ஒலிகளை இசைக்கும் மெல்லோட்ரான் எல்லாமே அவர் கையில்தான். இந்த ஆல்பம் இருட்டாக இருக்கிறது என்பார்கள். அந்த இருட்டு சோக ராகத்தால் வருவதில்லை. ஆர்கன் ஒரு துணுக்கைப் பிடிக்கிறது. காது அதற்குப் பழகுவதற்குள் தாளம் வேறு கணக்குக்குத் தாவிவிடுகிறது. காலால் தாளம் போட்டுப் பார்த்தேன், நாலு சுற்றுக்கு மேல் நிற்கவில்லை. எங்கேயும் உட்கார விடாத இசை. பயமே அங்கிருந்துதான் வருகிறது.

நவம்பர் 6
ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய முதல் ஆல்பம், 1970-இல் வந்த 'சிரியோ 2222'. கிதார் முன்னால் நிற்கும் ஹார்ட் ராக். சுமார்தான். கிதாரில் லீனோ அயெல்லோ, டிரம்ஸில் ஸ்டிங்கா, இரண்டிலும் அதே ஆட்கள் என்றால் நம்பவே முடியவில்லை. நடுவில் லியோனே வந்து சேர்ந்ததுதான் பெரிய வித்தியாசம்.

நவம்பர் 9
இன்று முழுசாகக் கேட்டேன். கடலுக்குள் போன நகரம் பற்றிய, பிரான்சின் பிரெட்டனி பகுதிப் பழங்கதையிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார்கள். ஆல்பத்தின் கதை உலகத்தின் கடைசி மனிதனைப் பற்றியது. இத்தாலியன் தெரியாமலே கேட்கலாம். நடுவில் 'சந்திப்பு' என்ற பெயரில் வரும் மூன்று பகுதிகளும் சின்னவை, வேகமானவை. அப்புறம் பதினோரு நிமிட எபிலோகோ, அதாவது முடிவுப் பகுதி.

மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடா ஓடும். அழுத்திப் பிடித்தாலும் எட்டு வினாடியோடு ஒலி தீர்ந்துவிடும். நாடா லேசாகத் தள்ளாடுவதால் சுருதியும் கொஞ்சம் நடுங்கும். சிந்தசைசரில் அந்த நாடா நடுக்கம் தானாக வராது.

ஒரே ஒரு எரிச்சல். சில சிடி மறுபதிப்புகளில் 1973-இல் வந்த 'லா துவா காசா கோமோதா' சிங்கிளையும் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். மோசமான பாட்டு இல்லை, ஆனால் எபிலோகோ முடிந்த கையோடு அது எதற்கு? அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.