அப்பா இவ்வளவு சிவப்பு இல்லை

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அண்ணாச்சி போனில் ரெண்டே வரிதான் சொன்னார்: “தம்பி, மெஷினுக்கு மூஞ்சி சிவந்துட்டு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

போய்ப் பார்த்தால் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அடிக்க வேண்டிய கார்டு. நடுவில் இறந்துபோன பெரியவரின் படம். மாநிறமான மனிதர், பேப்பரில் வெயிலில் வெந்தவர் மாதிரி வந்திருந்தார். பக்கத்திலேயே அவர் மகள் நின்றுகொண்டிருந்தார். “அப்பா இவ்வளவு சிவப்பு இல்லீங்க” என்றார், திரும்பத் திரும்ப. நான் படத்தைப் பார்க்கவில்லை. கார்டின் ஓரத்தைப் பார்த்தேன். எதுவும் அச்சாகாத வெள்ளை இடத்திலும் ரோஸ் பவுடரை ஊதிவிட்டது போல ஒரு படலம். மெஜந்தாவில், அதாவது ரோஸ் கலந்த சிவப்பு நிறத்தில், பேக்ரவுண்ட் அடிக்கிறது.

“கேலிப்ரேஷன் மூணு தடவ போட்டுட்டேன் தம்பி, ஒண்ணும் அசையல” என்றார் அண்ணாச்சி. அசையாதுதான். கேலிப்ரேஷன், வருகிற நிறத்தைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவே. வரவே கூடாத இடத்தில் வந்து உட்கார்கிற பவுடரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கோளாறு டெவலப்பரில். அது பார்க்க ஒரே தூளாகத் தெரியும், உள்ளே இரண்டு ஆட்கள். கேரியர் என்கிற, காந்தத்தில் ஒட்டும் நுண்மணிகள், கூடவே டோனர் என்கிற நிறப் பவுடர். கலர் மெஷின்களில் பெரும்பாலும் 100 கிராமில் 6 முதல் 8 கிராம்தான் டோனர், மிச்சமெல்லாம் கேரியர். இரண்டும் உரசும்போது டோனருக்கு மின்னேற்றம் வருகிறது. காந்த ரோலர் அதை, படம் உருவாகும் உருளையான டிரம் பக்கம் கொண்டுபோய் நீட்டுகிறது. டிரம்மில் படம் இருக்கும் இடம் மட்டும் டோனரை இழுத்துக்கொள்கிறது. ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் நகலை எடுத்தபோதும் உரசல்தான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து, லைகோபோடியம் தூளைத் தூவினார். கேரியர் லட்சக்கணக்கான பக்கங்கள் உரசி உரசி மேல்பூச்சு தேய்ந்து, டோனர் அப்பிப்போனால், அதற்குப் பிறகு டோனருக்கு ஏற்ற முடிவது அரைகுறை மின்சாரம்தான். பிடிப்பில்லாத டோனர் கண்ட இடத்தில் போய் உட்காரும். மழைக்காலத்து ஈரக்காற்று அந்த அரைகுறையையும் குறைத்துவிடும். அண்ணாச்சியின் மெஷின் ஐப்பசியில் சிவந்தது அதனால்தான்.

டிரம்மைக் கழற்றிக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்தேன். வெளிச்சம் பட்டால் அது கெடும். தரையில் பேப்பரை விரித்து, டெவலப்பர் இருக்கும் யூனிட்டின் மேல்மூடியைக் கழற்றி, கவிழ்த்தேன். பழைய டெவலப்பர் பொலபொலவென்று கொட்டாது, கனமாகச் சரியும். அசல் மெஜந்தா அல்ல, காய்ந்த செங்கல் பொடி நிறம். கியரை ஓடும் திசையிலேயே கையால் சுற்றச் சுற்ற ரோலர் ஒட்டியிருந்ததையும் விட்டது. தரையில் சிந்திய மணிகளுக்கு என் பையில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. பாலிதீன் பைக்குள் காந்தத்தைப் போட்டுத் தடவினால் மணிகள் பைமேல் முள்முள்ளாக எழுந்து நிற்கும். பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் மணிகள் பைக்குள். கையைக் கழுவ எப்போதும் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் டோனர் இளகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், சோப்பு எவ்வளவு போட்டாலும் நகக்கண்ணில் இரண்டு நாள் இருக்கும்.

புதுப் பாக்கெட் கையில் வைத்தால் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனக்கும். நன்றாகக் குலுக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லக் கொட்டிக்கொண்டே இடது கையால் கியரைச் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் முதல் நூறு பக்கங்களில் பட்டை பட்டையாக விழும். ரோலரில் வெல்வெட் மாதிரி சீராக மயிர் எழுந்து நின்றதும் மூடினேன்.

இனிமேல்தான் எனக்குப் பயம். புது டெவலப்பரில் டோனர் சரியான விகிதத்தில் கலந்தே வரும். மெக்கானிக்குக்கான சர்வீஸ் மோடில் போய் டெவலப்பர் இனிஷியல் கொடுத்தால், மெஷின் அதைக் கலக்கிக்கொண்டே அடியில் இருக்கும் சென்சாரைப் படிக்கும். டோனர் கூடினால் காந்தத்தன்மை குறையும், டோனர் குறைந்தால் கூடும். இன்று படித்த அளவை ‘இதுதான் சரி’ என்று எழுதிவைத்துக்கொண்டு, இனி அதற்கேற்பவே டோனரை இறக்கும். நாம் எதைக் காட்டிப் புதிது என்கிறோமோ அதை அப்படியே நம்பிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஷினில் சயான் என்கிற நீலத்தின் டெவலப்பரை மட்டும் மாற்றிவிட்டு, நான்கு நிறத்துக்கும் சேர்த்து இனிஷியல் கொடுத்தேன். ஒரேயடியாக முடியட்டுமே என்ற சோம்பல். கறுப்பு டோனர் அன்று காலியாகும் நிலை. அந்த வறண்ட கலவையை மெஷின் தரமென்று எடுத்துக்கொண்டது. மறுநாள் எழுத்தெல்லாம் சாம்பல். டோனர் போதாமல் கேரியரே டிரம்மில் ஏறி, வட்டவட்டமாகக் கீறல். பழைய சென்சார் அளவைக் குறித்து வைத்திருந்தாலாவது திரும்பப் போட்டிருக்கலாம், அதுவும் இல்லை. மூன்று பாக்கெட், ஒரு டிரம், இரண்டு மாதச் சம்பளப் பிடித்தம். “கத்துக்கிட்டே இல்ல” என்றார் மேனேஜர். கற்றுக்கொடுத்ததற்கான கட்டணத்தை அவர்தானே பிடித்தார்! அன்றிலிருந்து எந்த மெஷினைத் திறந்தாலும், முன்கதவின் உட்பக்கத்தில் தேதி, கவுண்டர் காட்டும் பக்க எண்ணிக்கை, நான்கு நிறத்தின் சென்சார் அளவு எழுதிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டாமல் மூடுவதில்லை.

அண்ணாச்சி கடையில் மெஜந்தாவை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பட்டனை அழுத்துமுன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். முடிந்ததும் பெல்ட்டில் பட்டைகள் போட்டு அடர்த்தியைச் சரிசெய்யும் வேலையையும், நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் ரெஜிஸ்ட்ரேஷனையும் மெஷினே பார்த்துக்கொண்டது. கடைசியாகத்தான் நிறத்தின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் கிரேடேஷன். அட்டவணையை அச்சிட்டு அதையே கண்ணாடியில் வைத்துப் படிக்கச் சொல்வது. முதலில் கண்ணாடியைத் துடைத்தேன், விரல் ரேகை இருந்தாலும் அதையும் நிறமென்று நினைக்கும். டிரேயிலிருந்த பேப்பர் மழை ஈரத்தில் வளைந்திருந்தது. புது ரீம் பிரித்தேன். அட்டவணைக்கு மேலே பத்து வெள்ளைத் தாள் அடுக்கினேன், பின்னாலிருந்து நிழல் தெரியக்கூடாது. ஒரு தடவை போதாது. முதல் தடவை அளவுகள் நிறைய நகர்ந்தன, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் ஏறக்குறைய நின்றுவிட்டன.

கார்டை அடித்தேன். ஓரம் வெள்ளை. பெரியவர் மாநிறத்தில் அமைதியாக இருந்தார், நெற்றியில் திருநீறு தனியாகத் தெரிந்தது. மகள் கார்டை வாங்கி, போனிலிருந்த படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

குடையை மடக்கிக்கொண்டே அவர் தம்பி உள்ளே வந்தார். கார்டை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பாவ இன்னும் கொஞ்சம் கலரா போட முடியுமா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஸ்டிக்கரில் தேதியை எழுத ஆரம்பித்தேன்.