துளை வழியா, கீறலா? என் குடல்வால் ஆபரேஷன்

தொப்புளைச் சுற்றி மந்தமாக ஆரம்பித்த வலி, விடிவதற்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கிக் குத்த ஆரம்பித்தது. டாக்டர் அந்த இடத்தை மெல்ல அழுத்திவிட்டு, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது இருந்ததைவிட, எடுத்தபோதுதான் உயிர் போனது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டும் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சியை உறுதி செய்தன.

எனக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன் என்றார் சர்ஜன். அண்ணனுக்குப் பல வருஷம் முன்பு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பக்கவாட்டில் குழாய், விடாத காய்ச்சல், இருமும்போதெல்லாம் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டது, எல்லாம் கண் முன்னால் நின்றன. அதைச் சொன்னதும் சர்ஜன் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவருக்குக் குடல்வால் வெடித்திருந்ததா?" ஆமாம், வெடித்திருந்தது. அப்படியானால் அந்தக் காய்ச்சலுக்கும் குழாய்க்கும் காரணம் உள்ளே பரவிய சீழ்தான், கீறலைக் குறை சொல்லக் கூடாது என்றார். இத்தனை காலம் நாங்கள் யாரும் இதை இப்படி யோசித்ததே இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவரே விளக்கினார். துளை வழியில் தோல் காயம் சீழ்பிடிப்பது குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ஆபரேஷன் நேரம் சற்றுக் கூடும். வயிற்றுக்குள் சீழ்க்கட்டி சேர்வது துளை வழியில் கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடல் பருமன் உள்ளவர்களுக்கும், கருப்பை, சினைப்பைப் பிரச்சினையா என்ற சந்தேகம் உள்ள பெண்களுக்கும் கேமரா பெரிய உதவி. இந்த முறையில் முதன்முதலில் குடல்வாலை எடுத்தவரே குர்ட் செம் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர்தான், 1980-ல். அன்று சர்ஜன்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள்!

ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற்றப்படும்" என்ற வரி இருந்தது. உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அப்படி மாற்றுவதுதான் பாதுகாப்பு. அதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் அந்த வரியைப் படிக்காமல் போடாதீர்கள்.

கண் விழித்தபோது வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. பயந்தே போனேன். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடில் மிச்சமிருப்பது உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை) உறுத்தும், அங்கிருந்து வரும் நரம்புதான் தோளில் வலியாகக் காட்டும் என்று நர்ஸ் விளக்கினார். எழுந்து மெதுவாக நடக்க நடக்கக் குறைந்தது. முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

காயம் சின்னதாக இருப்பதால் உள்ளேயும் எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும். கனமான எதையும் டாக்டர் சொல்லும்வரை தூக்கக் கூடாது. வீட்டுக்குப் போனபின் காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியோ, வாந்தியோ வந்தால் உடனே திரும்பப் போக வேண்டும். உள்ளே சீழ் கட்டுவது அப்படித்தான் தெரியவரும். வெட்டியெடுத்த குடல்வாலைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அபூர்வமாக அதில் கட்டி (ட்யூமர்) இருப்பதும் உண்டு.