ஆக்டேவியா ஆர்எஸ்-ஐ டிராக்குக்குத் தயார் செய்ய: முதலில் சூடு, பிறகு வேகம்

2004-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இன்றும் ஓட்ட ஓட்டப் பிடித்துப்போகிற வண்டி. 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ, 150 குதிரைசக்தி. நல்ல நிலையில் ஒன்றைத் தேடிப் பிடித்தவர்கள் சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்குக்குக் கொண்டுபோக நினைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ரீமேப் பண்ணலாமா?" அதாவது, எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டலாமா என்று. இப்போதைக்கு வேண்டாம். வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது, அதில் உள்ள பழைய ரப்பர் குழாய்களுக்கும் அதே வயதுதான். 3.7 கி.மீ. சுற்றை சென்னை வெயிலில் ஐந்து முறை முழு வேகத்தில் ஓட்டினால், பவர் போதாமல் யாரும் பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) திரும்புவதில்லை. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்தோ, பிரேக் பெடல் தரையைத் தொட்டோ, ஒரு ஹோஸ் பிய்ந்தோதான் திரும்புகிறார்கள். கையில் இருக்கும் பணத்தை அந்த வரிசையிலேயே செலவு செய்யுங்கள்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஆன பெல்ட்டோடு டிராக்குக்குப் போகக் கூடாது. பெல்ட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். டென்ஷனர் ரோலர், அதை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் டேம்பர், வாட்டர் பம்ப், 87 டிகிரி தெர்மோஸ்டாட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

வாட்டர் பம்ப்தான் இந்த எஞ்சினின் பெயர் பெற்ற பலவீனம். பழைய பம்புகளில் உள்ளே சுற்றும் விசிறி பிளாஸ்டிக்கில் இருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டு அது விரிசல் விட்டு, தண்டு சுற்றும்போது கூடவே சுற்றாமல் வழுக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. நான்காவது கியரில் எஞ்சினை இழுக்கும்போது மட்டும் சூடு மெல்ல ஏறும். உலோக விசிறி உள்ள பம்பைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சூட்டை டேஷ்போர்டு முள் காட்டும் என்று நம்ப வேண்டாம். முள் ஆடி ஓட்டுநரைப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காக, கூலன்ட் ஏறத்தாழ 75-இலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் 90-லேயே அசையாமல் நிற்கும்படி ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். முள் நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியைப் படிப்பதற்கான துளை) ஒரு சின்ன ப்ளூடூத் ரீடரைச் செருகி, போனில் உண்மையான எண்ணைப் பாருங்கள். 105-ஐத் தாண்டினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, உயர்ந்த கியரில் மெதுவாகச் சுற்றி உள்ளே வந்துவிடுங்கள்.

கூலன்ட்டாக ஃபோக்ஸ்வேகனின் ஜி12 வகையோ அதற்குப் பின் வந்ததோ ஊற்றலாம். கடையில் கிடைக்கும் பச்சை கூலன்ட்டை அதன் மேல் ஊற்றினால் இரண்டும் கலந்து பழுப்பு நிறச் சேறாகி ஹீட்டர் கோரை (ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) அடைக்கும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சென்னை போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியின் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால், உள்ளே வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல உப்பு படிந்திருக்கும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்த தூசியையும் பூச்சிகளையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏ.சி.யைப் போட்டதும் இரண்டு ஃபேனும் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். குறைந்த வேகத்தில் சுற்றுவது நின்றுபோயிருப்பது இந்த வயதில் சகஜம். எஞ்சின் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கூலன்ட் ஃபிளாஞ்சும் விரிசல் விடும், அதிலேயே உட்கார்ந்திருக்கும் டெம்பரேச்சர் சென்சாரும் போகும். இரண்டையும் கழற்றும் சிரமம் ஒன்றுதான், ஆகவே சேர்த்தே மாற்றிவிடலாம்.

எண்ணெய்க்கு வருவோம். டர்போவின் தண்டு எண்ணெயில்தான் மிதக்கிறது. முன்னாலே ஓட்டியவர் 10,000, 15,000 கி.மீ. என்று இழுத்திருந்தால் கருகிய எண்ணெய் துகளாகி சம்ப்பின் (எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தேங்கும் தொட்டி) அடியில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கும். டிராக்குக்கு முன் ஒரு முறையாவது சம்ப்பைக் கழற்றி அந்த வலையைப் பார்த்துவிட வேண்டும். கருப்பு மணல் போல ஏதாவது ஒட்டியிருந்தால் கழுவிப் போடாமல் பிக்கப் குழாயையே புதிதாக மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது சிலிக்கான் சீலன்ட்டை 2–3 மி.மீ. தடிமனுக்கு மேல் வைக்க வேண்டாம். உள்பக்கம் பிதுங்கும் சீலன்ட் உதிர்ந்து அதே வலைக்குத்தான் போய்ச் சேரும். எண்ணெய் 5டபிள்யூ-40, ஃபோக்ஸ்வேகனின் விடபிள்யூ 502 00 தரம், ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4.5 லிட்டர். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டை ஒட்டியே இருக்கட்டும், நீளமான வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சக் கூடாது. சம்ப் அலுமினியம் என்பதால் டிரெயின் போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் போதும், பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். இரண்டு டிராக் நாளுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுங்கள். இந்த வண்டிக்குச் செய்கிற செலவில் இதைவிட லாபமானது கிடையாது.

இனி காற்று வழி. பழைய 1.8 டர்போவில் "பவர் குறைஞ்சிருக்கு" என்றால் பெரும்பாலும் டர்போவின் குற்றமாக இருக்காது, எங்கேயோ காற்று கசிகிறது என்றுதான் அர்த்தம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும், எஞ்சினின் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய்கள் எண்ணெய் ஆவி பட்டு இளகி, விரலால் அழுத்தினால் தார் மாதிரி ஒட்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைக் கையாலேயே சோதிக்கலாம். கழற்றியெடுத்து, உள்ளே இருக்கும் வால்வை விரலால் முழுதாக மேலே தள்ளுங்கள். அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் மெல்லிய குழாய் வாயை இன்னொரு விரலால் அடைத்துவிட்டு, தள்ளிய விரலை எடுங்கள். வால்வு மேலேயே நின்றால் டயாபிரம் நல்லது. மெதுவாகக் கீழே இறங்கினால் கிழிந்திருக்கிறது, பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று) அதன் வழியே திரும்பிப் போகிறது.

வண்டியின் கணினியை லேப்டாப்பில் படிக்க உதவும் விசிடிஎஸ் கேபிள் ஒன்று வாங்கிவிட்டால் மூன்று எண்களைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். அது காட்டும் 032-ஆம் பிளாக்கில் (எண் தொகுப்பில்) ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, எடுக்கும் எரிபொருள் திருத்தம் மட்டும் கூடுதலாகவும், ஓட்டும்போது எடுப்பது சரியாகவும் இருந்தால் வேக்கம் கசிவு, எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஓட்டும்போது மட்டும் கூடினால் காற்று அளக்கும் மாஸ் சென்சாரையோ பெட்ரோல் அழுத்தத்தையோ சந்தேகப்படுங்கள். 115-ஆம் பிளாக் கேட்ட பூஸ்ட்டையும் கிடைத்த பூஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 020-ஆம் பிளாக், நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வருவதால் ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி ஸ்பார்க் டைமிங்கை ஈசியூ (எஞ்சின் கணினி) பின்னுக்கு இழுக்கிறது என்று காட்டும். டிராக் நாளில் முக்கியமானது இந்த மூன்றாவதுதான். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சின்னது, பம்பரின் மூலையில் சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. எப்போதோ பம்பர் வேலை பார்த்த பட்டறையில் அதற்குக் காற்றைத் திருப்பும் பிளாஸ்டிக் டக்டை மறுபடி மாட்டாமல் விட்டிருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். மூன்றாவது சுற்றில் 020 எண்கள் 6-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அன்றைய வெயிலுக்கு அந்தப் பெட்ரோல் போதவில்லை. நாக்கை அதிகம் தாங்கும், ஆக்டேன் எண் கூடுதலான பெட்ரோலுக்கு மாறுங்கள். இன்னொன்று: 2004 வண்டி 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. சுத்தமான பெட்ரோலைவிட அதற்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டியிருப்பதால் 032 எண்கள் அதற்கேற்ப நகரும். அதைக் கசிவு என்று நினைத்து அலையாதீர்கள். ஆனால் பழைய பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் தயங்காமல் மாற்றுங்கள், சூடான டர்போவின் பக்கத்தில் பெட்ரோல் கசிவுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7–0.8 மி.மீ., இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்றை ஸ்பேர் ஆகக் கையில் வைத்திருங்கள்.

பிரேக்கில் பெரிய காலிப்பருக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆசைப்படும் முன் ஃபுளூயிடை மாற்றுங்கள். டாட் 4 தர ஃபுளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155. கடலோர ஊரில் இரண்டு வருடம் கிடந்த ஃபுளூயிட் அந்தக் கீழ் எல்லையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். கொதித்ததும் குழாயில் ஆவிக் குமிழி வந்து, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேசிங் ஃபுளூயிட் ஒரு லிட்டர் வாங்கி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் பிளீட் செய்ய (பழைய ஃபுளூயிடைக் காற்றோடு வெளியேற்ற) ஆரம்பியுங்கள். நம் ஊர் வலதுகை ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது, அதையும் பிளீட் செய்யாவிட்டால் பழையது அங்கேயே தங்கும்.

சாதா பிரேக் பேட் ஊருக்குப் போதும், டிராக்கில் நாலாவது சுற்றில் வழவழத்துப்போகும். ஃபெரோடோ டிஎஸ்2500 போன்றவை குளிரிலும் பிடிக்கும், சூட்டையும் தாங்கும். புதுப் பேட் போட்டதும் காலியான சாலையில் 100-இலிருந்து 30 வரை பத்து முறை பிரேக் பிடியுங்கள், ஒரு முறையும் முழுதாக நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். இதைச் செய்யாமல் டிராக்கில் இறங்கினால் பேட் பூச்சு டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டி ஸ்டியரிங் அதிரும், எல்லோரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பேட் 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் டிராக்குக்கு எடுத்துப்போக வேண்டாம், மெலிந்த பேட் வழியே சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஃபுளூயிடுக்கும் ஏறும். பின் காலிப்பர் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அழுத்தவே கூடாது. வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் பொறி உடையும்.

சஸ்பென்ஷனில் ஷாக்கை மாற்றுவதற்கு முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்க லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை (ரப்பர் தாங்கி) பாருங்கள். அது கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும், எந்த அலைன்மென்ட்டும் நிற்காது. இதே பிளாட்ஃபார்மில் வந்த ஆடி டிடியின் கெட்டியான ரப்பர் புஷ் அப்படியே பொருந்தும், வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். எஞ்சினை அடியில் பிடிக்கும் மவுன்ட் கிழிந்திருந்தால் கியர் துள்ளி விழும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 எண்ணெய் சுமார் 2 லிட்டர் போதும். வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலின் ரிவெட்டுகள் இந்த கியர்பாக்ஸின் பலவீனம். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்சக்கரத்தைச் சுற்ற விட்டு விளையாடினால் ரிவெட் உடைந்து கேஸைத் துளைக்கும். வடித்த எண்ணெயில் உலோகச் சில்லு தெரிந்தால் அதோடு ஓட்டாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் கடந்த டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் வேண்டாம். ஆறிய நிலையில் 29–30 பிஎஸ்ஐயில் தொடங்கி, உள்ளே வந்ததும் அளந்து, சூட்டில் 34–36 வரும்படி குறையுங்கள். இருங்காட்டுக்கோட்டை கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக் என்பதால் முன் இடது டயர்தான் அதிகம் தேயும்.

அன்று காலை வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள், முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியபின் மறுபடி சரிபாருங்கள். ஃப்ளோர் மேட், ஜாக், ஸ்டெப்னி எல்லாம் வெளியே. சாதாரண வாகன இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சூடேற்றும் சுற்று, நான்கு வேகச் சுற்று, பிரேக்கைத் தொடாத ஒரு ஆற்றும் சுற்று, அவ்வளவு போதும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், சூடான பேட் டிஸ்க்கில் பதிந்துவிடும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போவை ஆற்றிய பிறகே அணையுங்கள்.

மறுநாள் காலை வண்டி முழுதாக ஆறியிருக்கும்போது, நான்கு சக்கரத்திலும் பிளீட் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஃபுளூயிடை வெளியே விட்டுப் பாருங்கள். டீ நிறத்தில் வந்தால் தெளிவாகும் வரை விடுங்கள். காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் மொறுமொறுவென்று உடைந்திருந்தால் சீல் கிட் ஆர்டர் போட்டுவிடுங்கள். கூலன்ட் டப்பாவின் மட்டத்தில் முந்தைய நாள் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இப்போது தெரியும்.