மும்பை மழையில் மாடல்: ஒட்டுவது இப்போது, ஸ்ப்ரே பிறகு

பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானம், டாங்கி என்று மாடல் கட்டுகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ப்ரைமர் கேனை, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு ஸ்ப்ரேயைத் தொட வேண்டாம். மாட்டுங்காவோ செம்பூரோ, எந்த மாடியில் இருந்தாலும் சரி. ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் அந்த நான்கு மாதத்தை வெட்டவும் ஒட்டவும் தேய்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே வேலை தீபாவளிக்குப் பிறகுதான்.

காரணம் இதுதான். லேக்கர் ப்ரைமரின் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல. அந்த நீர் காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்டால் விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போகும். சாம்பல் ப்ரைமரில் இது கண்ணுக்குத் தப்பலாம். கறுப்பிலும் பளபளப்பு வார்னிஷிலும் தப்பவே தப்பாது.

இனி மழைக்கால வேலை. கிட்டின் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி வரும். அவற்றைக் கழற்றாமல் சட்டத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழல்வதற்காகப் பூசும் எண்ணெய் மிச்சமிருந்தால், அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. மழை நாளில் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும், ஒரு ராத்திரி ஃபேனுக்கு அடியில் கிடக்கட்டும்.

பாகத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் காம்பை ஒரே வெட்டில் ஒட்ட நறுக்குவதுதான் புதியவர்களின் முதல் தவறு. நிப்பரின் (வெட்டும் சின்னக் குறடு) தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்திருக்க, முதல் வெட்டு 2 மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாம் வெட்டில் அரை மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். மிச்சத்தைக் கைவேலைக் கத்தியின் கூரான 11ஆம் எண் பிளேடால் சீவி, 400, 600 என்று எண் போட்ட வாட்டர் பேப்பரில் (ஈர உப்புத்தாள்) தேய்த்து எடுக்கலாம். ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கிப் பிய்ந்து குழி விழும். கூடவே வரும் வெள்ளைத் தழும்பைப் பெயிண்ட் மறைத்துவிடும், குழியை மறைக்காது. பீரங்கிக் குழாய், ஆன்டெனா போன்ற மெல்லிய பாகங்களுக்கு முதலில் சுற்றியுள்ள சட்டத்தையே இரண்டு இடத்தில் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். அப்புறம் காம்பை வெட்டினால் பாகம் தெறித்து ஒடியாது.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடும், சில இடத்தில் பிசிரும் நீட்டியிருக்கும். பிளேடின் முதுகை நெட்டாக நிறுத்திச் சுரண்டுங்கள். கூர்முனையால் சீவினால் அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும்.

ஒட்டுவதற்கு ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், 40 மில்லி குப்பி. பசை என்று பெயர்தானே தவிர இது கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை உருக்கி ஒன்றாக்கும் கரைப்பான். ஈரப்பதத்துக்கு அது அசராது, அதனால்தான் மழைக்காலத்துக்கு ஏற்ற வேலை. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலுள்ள பிரஷால் இடுக்கைத் தொட்டால் போதும், திரவம் தானே ஓடிப் பரவும். விரல் இடுக்கின் மேல் இருக்கக்கூடாது, இருந்தால் சிமென்ட் அதற்கு அடியில் ஓடி, ரேகையை அப்படியே பதித்துவிடும். பெயிண்ட் பட்ட இடத்திலும் ஒட்டாது, முதலில் அதைச் சுரண்டி எடுங்கள்.

விமானத்தின் உடல் போல ஒட்டுக் கோடே தெரியக்கூடாத இடங்களில் வழி வேறு. இரண்டு ஓரங்களிலும் தாராளமாகத் தடவி, சில நொடி ஊறவிட்டு, அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் கோடு நெடுக நூலாகப் பிதுங்கி நிற்க வேண்டும். பிதுங்கவில்லை என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. பிதுங்கியதைத் தொடாமல் 48 மணி நேரம் வையுங்கள். மறுநாளே தேய்க்கக் கை துறுதுறுக்கும். இளகிய பிளாஸ்டிக் முழுதாக இறுகும்போது சுருங்கி உள்வாங்கும், அவசரப்பட்டுச் சமன் செய்த கோடு இரண்டு வாரம் கழித்துப் பெயிண்டுக்கு அடியிலிருந்து பள்ளமாக எழுந்து வரும்.

மிஞ்சும் இடைவெளிக்கு அதே கிட்டின் சட்டத் துண்டுகளைக் காலிக் குப்பியில் சிமென்ட் ஊற்றிக் கரைத்துவைத்தால் நல்ல பூச்சு கிடைக்கும். அவசரத்துக்கு ஃபெவிக்விக்கும் முகப் பவுடரும் குழைத்து அடைக்கலாம், ஆனால் அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது இரு பக்கமும் பிளாஸ்டிக் குறைந்து நடுவில் மேடு நின்றுவிடும். அடைத்த இடத்தில் வெள்ளி நிற பெயிண்ட் ஒரு தீற்றல் தீற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ப்ரைமர் காட்டிக்கொடுக்கும் குறை அத்தனையும் அப்போதே தெரியும்.

மூக்குக்கு அடியில் சக்கரம் வைத்த விமானம் என்றால் உடலை மூடும் முன் மூக்குக்குள் எடை வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வால் தரையில் உட்காரும். தூண்டில் போடுகிறவர்கள் வாங்கும் ஈயக்குண்டே போதும், தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

மழையிலேயே நிறம் அடித்தாக வேண்டுமா? பிரஷும் வயேஹோ போன்ற நீர் வண்ணமும்தான் பத்திரம். மெதுவாகக் காய்வதால் இரண்டு நிறத்தை இழைக்க நேரம் கிடைக்கிறது, இந்தப் பருவத்தின் ஒரே சலுகை அது. ஆனால் முதல் பூச்சு முழுக்கக் காயாமல் இரண்டாவதை இழுத்தால் கீழே உள்ளது பிய்ந்து வரும். ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி) என்றால் கம்ப்ரசரில் ஈரப் பொறி, அதாவது காற்றிலுள்ள தண்ணீரைப் பிடித்துவைக்கும் வடிகட்டி கட்டாயம். அழுத்திய காற்று குழாயில் குளிரும்போது தண்ணீர் பிரிகிறது, ஊசி வழியே ஒரு சொட்டு துப்பினாலும் இறக்கை கெட்டது. ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் இரண்டாவது பொறியும் மாட்டி, அடிக்கடி வடியுங்கள். டாமியா அக்ரிலிக்கை எக்ஸ்-20ஏ தின்னரில் ஒன்றுக்கு ஒன்று கலந்தால் பால் பதம் வரும். 0.3 மில்லிமீட்டர் ஊசிக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

குளிர்காலம் வந்ததும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை பால்கனியில் வையுங்கள். 60க்குக் கீழே இறங்கினால் கேனை எடுக்கலாம், பெரும்பாலும் மதியம் 12 முதல் 4 வரை. இரண்டு நிமிடம் குலுக்கி, 20 சென்டிமீட்டர் தள்ளி, மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் மெல்லிய வீச்சுகள். தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல் மணலாகும், குறைந்தால் தேங்கி நுணுக்கங்களை மூடும். கேனில் இருப்பது எரியும் வாயு, சின்ன வீட்டில் கேஸ் அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தருவார்கள், அது பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். வண்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயையும் வெட்டிப்போட்ட சட்டத்தில் அடித்துப் பார்த்த பிறகே மாடலில் அடியுங்கள்.

டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம், எண்கள்) ஒட்டும் முன் பளபளப்புப் பூச்சு வேண்டும். பளபளப்பில்லாத மேட் பரப்பின் நுண்ணிய குழிகளில் காற்று சிக்கி, டீகாலுக்கு அடியில் வெள்ளியாக மினுங்கும். மாடலின் மேல் செதுக்கியுள்ள கோடுகளில் நிழல் காட்டக் கேம்லின் எண்ணெய் வண்ணத்தில் பழுப்பு எடுத்து டர்பன்டைனில் கரைக்கலாம், அதுவும் இந்தப் பூச்சின் மேல்தான். பூசாத பிளாஸ்டிக்கின் மூட்டுகளில் டர்பன்டைன் தேங்கினால் விரிசல் விடும்.

விமானி அமரும் இடத்தை மூடும் கண்ணாடிக் கூண்டு கடைசி. ஃபெவிக்விக்கின் ஆவி அதைப் புகைபோல் மங்கச் செய்யும், சிமென்ட் வழிந்தால் கறை விழும். குண்டூசி முனையில் ஃபெவிகால் தொட்டு ஓரமாக வைத்து உட்காரவிடுங்கள். வெள்ளையாக இருப்பது காயக் காயத் தெளியும். கோணலாக உட்கார்ந்துவிட்டாலும் பயமில்லை, ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தடவிக் காத்திருந்தால் இளகிக் கையோடு வரும்.