பார்க் பார்த்த வீடு

வாடகைக்கு வீடு காட்ட வந்த தரகர் ஜன்னல் திரையை விலக்கிய நாள் ஜூன் மாதத்தில் ஒன்று. கண்ணுக்கு எட்டியவரை பச்சை. 'ஆப்னி பார்க் பார்த்த முதல் மாடி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. வடக்கு லண்டனில் இந்த வாடகைக்குப் பூங்காவைப் பார்த்த வீடா என்று நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அன்றே முன்பணம் கட்டிவிட்டோம். தரகர் அத்தனை அவசரமாகச் சாவியை நீட்டியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் முடிவில் இலைகள் உதிர்ந்தன. ஒரு காலை காபி டம்ளரோடு ஜன்னலருகே நின்றேன். கிளைகளுக்கு நடுவே சாய்ந்தபடி ஒரு கல். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு தேவதை, மூக்கில்லாமல். எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்திக்கொண்டேன். 'பார்க்' என்பது அந்த இடுகாட்டின் பெயர். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அங்கே படுத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"மக்களே, சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டா காபி குடிக்கிறாய்?" என்றாள் நாகர்கோவிலிலிருந்து. சுடுகாடு இல்லை அம்மா, புதைக்கிற இடம் என்று திருத்தினேன். அந்த வேறுபாடு அவளுக்கு ஆறுதல் தரவில்லை. அடுக்களைக்கு வேறு ஜன்னல் உண்டா என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அதற்கு அப்பால் ஆண்கள் போவார்கள், திரும்பி வருவார்கள், கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பழையாற்றங்கரையில் மயானம் இருக்கிறது என்பது பஸ் ஜன்னல் வழியே தெரியும் புகையாக மட்டுமே எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் அம்மா என் தலையை மறுபக்கம் திருப்பிவிடுவாள். அப்படி வளர்க்கப்பட்ட கழுத்து, இங்கே ஒரு மாதம் முழுக்க ஜன்னலுக்கு முதுகு காட்டியே பாத்திரம் துலக்கியது.

பிறகு ஒரு நாள் 73-ஆம் எண் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுற்றிப் போனால் கால் மணி நேரம், உள்ளே புகுந்து போனால் ஐந்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று நுழைந்தேன். தள்ளுவண்டிகளில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள், நாய்கள், டீச்சரின் பின்னே இரண்டு இரண்டாகக் கைகோத்து நடந்த பள்ளிப் பிள்ளைகள், பெஞ்சில் சாண்ட்விச் தின்றுகொண்டு ஒரு ஜோடி. இவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அன்று ஆபீஸில் இருந்த எட்டு மணி நேரமும் ஏதோ தீட்டோடு உட்கார்ந்திருப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தேன்.

இப்போது பழகிவிட்டது. தினமும் அந்த வழிதான். பழகிவிட்டது என்று சொல்கிறேனே தவிர, மாலையில் திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்க் கால் கழுவுகிறேன். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்தத் தோட்டத்தின் கதை 1840-இல் தொடங்குகிறது. லண்டனின் தேவாலய வளாகங்களில் பிணத்தின் மேல் பிணமாகப் புதைத்து இடமில்லாமல் போய், காலராவும் வந்து மிரட்டிய காலம். ஊருக்கு வெளியே இடம் வாங்கி, மரம் வைத்து, பாதை போட்டு, தோட்டமாகவே இடுகாடு அமைக்கத் தனியார் கம்பெனிகள் கிளம்பின. பத்து ஆண்டுகளுக்குள் அப்படி ஏழு உருவாயின. ஆப்னி பார்க் அவற்றில் ஒன்று, 31 ஏக்கர். இங்கிலாந்து அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறிஸ்தவர்கள் அமைத்தது என்பதால் பிஷப் வந்து மண்ணை மந்திரிக்கவில்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவருக்கும் இடம் உண்டு. நடுவில் நிற்கும் ஆலயமும் எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. வாசல் தூண்களோ எகிப்திய பாணி. சித்திர எழுத்தில் 'மனிதனின் அழியும் பகுதி தங்கும் இடம்' என்று வெட்டியிருக்கிறார்கள். இந்த வரி எந்தச் சித்தர் பாட்டிலும் பொருந்தும்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது மரங்கள்தான். ஹேக்னியில் அக்காலத்தில் பேர்போன நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் லாடிஜஸ், இந்த இடுகாட்டின் ஓரத்தைச் சுற்றி 2,500 வகை மரங்களையும் செடிகளையும் நட்டார். எப்படி? அகர வரிசைப்படி! 'ஏ'யில் தொடங்கும் ஏசரில் ஆரம்பித்து 'இசட்'டில் தொடங்கும் ஸாந்தாக்ஸைலத்தில் முடியும்படி, பெயர்ப் பலகையோடு. செத்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் தாவரவியலும் படித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நம் ஊர் வாத்தியார் எவருக்காவது இது தோன்றியிருந்தால்?

அன்றிலிருந்து நடையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தமிழ் அகர வரிசையில் ஒரு தோப்பு. அ-வுக்கு அயனி, வேறு பேச்சே இல்லை. அயனிச் சக்கையைப் பிளந்து, மஞ்சள் சுளையைத் தின்று, கொட்டையை வறுத்துக் கொறிக்காத பிள்ளை எங்கள் ஜில்லாவில் கிடையாது. ஆ-வுக்கு ஆல். இலுப்பை, ஈச்சை, உசிலை. ஊ-வுக்கு ஊமத்தை, செடிதான், பரவாயில்லை. எ-வுக்கு எட்டி. ஏ-வுக்கு ஏலம். ஒ-வுக்கு ஒதியன். ஔ-வில் திணறி, ஔவைக்குக் கிடைத்த நெல்லி என்று எழுதிக்கொண்டேன். ஓ-வும் ஐ-யும் காலியாகவே கிடந்தன.

அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது இந்தப் பட்டியல்தான். மயானம் என்ற சொல்லை எடுக்காமல் தோப்பு என்றே பேசினேன். எட்டியை வீட்டுப் பக்கம் நடாதே என்றாள். ஓ-வுக்கு ஓலை, அதாவது பனை என்று தீர்ப்புச் சொன்னாள். ஐ-க்கு யோசிக்க நாள் கேட்டாள்.

சர்ச் தெரு வாசல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கல்லைப் பார்த்தேன். வில்லியம் பூத், இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பை நிறுவியவர், 1912-இல் இறந்தவர். பிறந்த ஆண்டுக்குக் கீழேயே 'மீண்டும் பிறந்த' ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். நம்மைப்போல் அடுத்த ஜன்மம் வரை காத்திருக்கவில்லை. அவரோடு அவருடைய மனைவி, 1890-இல் இறந்த கேத்தரின் பூத்.

கேத்தரின் பூத். குடையை மடக்கிவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

நான் பிறந்தது நாகர்கோவில் வடசேரியில், கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில். என் அண்ணனும் அங்கேதான். சின்ன வயதில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் டெலிபோன் பூத், பால் பூத் வரிசையில் அதுவும் ஒரு பூத் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு குளியலறையை மருந்தகமாக்கி அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஒரு முகம் உண்டு, அது மேடையேறிப் பிரசங்கம் செய்த முகம், பெண்கள் பிரசங்கிப்பது தவறில்லை என்று 1859-இலேயே பிரசுரம் எழுதிய கை உண்டு என்பதெல்லாம் ஏழு கடல் தாண்டி வந்து, மழையில் நனைந்துகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் பிறந்த இடத்தின் பெயர் என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே கல்லில் இருக்கிறது.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு அழைத்து, "கல்லை யாராவது கழுவுகிறார்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா போனபோது எனக்கு டிக்கெட் கிடைத்து ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொல்லையில் நின்ற மாமரம் சிதைக்கு வெட்டப்பட்டிருந்தது. அந்தக் குத்தியின் மேல்தான் நான் உட்கார்ந்தேன், அறுத்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அஸ்தியை அண்ணன் கன்னியாகுமரியில் கரைத்தான். அப்பாவுக்குக் கல் கிடையாது. கடலைப் பார்த்து எந்த இடம் என்று கேட்க முடியாது. இங்கே முன்பின் தெரியாத இரண்டு லட்சம் பேருக்கு நடுவே தினமும் நடக்கிறேன்.

கல்லைக் கழுவ ஆள் இருக்கிறார்கள். 1970-களில் கம்பெனி நொடித்துப்போய், தோட்டம் காடாகிப்போனது. பிறகு நகராட்சி எடுத்துக்கொண்டது. 1993-இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். லாடிஜஸின் அகர வரிசை எப்போதோ கலைந்துவிட்டது. இப்போது நிற்பவை பெரும்பாலும் தானே முளைத்தவை. தொண்டர்கள் கூடி வேலை செய்கிறார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். மிருகக்காட்சி நடத்திய ஃப்ராங்க் பாஸ்டாக்கின் கல்லறை மேல் தூங்கும் பளிங்குச் சிங்கத்தைச் சுற்றிப் பெருக்குவதில் எனக்குத் தனிப் பிரியம்.

முதல் நாள் ஒரு கல்லில் படர்ந்திருந்த கொடியைப் பிடித்து இழுக்கப் போனேன். எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பச்சையாக இழுத்தால் வேர் கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும், எழுத்து போய்விடும் என்றார். அடித்தண்டை வெட்டிவிட்டுக் காயவிட வேண்டும். சில மாதம் கழித்துச் சருகாக உதிர்க்கலாம். அவரே மண்டியிட்டு, கத்தரியால் ஒரு விரல் தடிமன் தண்டை நறுக்கிக் காட்டினார்.

போன வாரம் வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு அதைக் காட்டினேன். மயானத்துக்குள் நின்றுகொண்டுதான். அவள் தலையைத் திருப்பவில்லை.

"எல்லாக் கல்லையும் மூடியிருக்கிறதே, அந்தக் கொடியின் பெயர் என்ன?"

"ஐவி."

"பிறகென்ன, ஐ-க்குக் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்" என்றாள். "குளித்துவிட்டு எழுது."