ஃபீடர் வாரியாக ஒரு ஜெபம்

பாளையங்கோட்டையில் மின்வாரிய வயர்மேனாக வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிறு ஆராதனை கிடைத்தால் உண்டு, அவ்வளவுதான். எங்கள் சபைக் குருவான ஐயர் பிரசங்கத்துக்கு ஏறும்போது போன் அதிரும், ஃபியூஸ் போயிட்டு, சீக்கிரம் வாங்க என்று. பாதியில் எழுந்து போனதற்காக எங்கள் சபையில் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை, நன்றி சொல்ல ஆரம்பித்தால் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வாராவாரம் எங்கள் பட்டணத்துக்காக என்று ஜெபிக்கிறோமே, அப்போது கண்ணை மூடினால் எனக்கு ஊர் தெருத்தெருவாக வருவதில்லை, டிரான்ஸ்ஃபார்மர் டிரான்ஸ்ஃபார்மராக வரும். இந்த லைனில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கும் பெரியவர், அந்த லைனில் ராத்திரி தையல் மெஷின் ஓட்டிப் பிழைக்கிற அக்கா, அடுத்ததில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். இதில் யார் எந்த மதம் என்று பிரித்து ஜெபிக்க எனக்கு வழியே இல்லை, எல்லாரும் ஒரே ஃபீடரில், அதாவது இந்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்கெல்லாம் கரண்ட் கொண்டு வருகிற ஒரே மெயின் லைனில் இருக்கிறார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் எரேமியா (29:7) அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறார், அங்கே நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கவில்லை. நம் ஜெபக் கூட்டங்களில் சில நேரம் அந்தக் கணக்கு நடக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறைக்குள் வந்தபோது நாங்கள் முதலில் செய்த வேலை கரண்டைக் கொடுப்பதல்ல, நிறுத்துவது. மீட்டர் போர்டு வரை தண்ணீர் நிற்கிற வீட்டுக்குச் சப்ளை கொடுத்தால் என்ன ஆகும்? ஆனால் இருட்டில் குழந்தையோடு மாடியில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, திட்டத்தான் செய்வார்கள், திட்டட்டும். வெள்ளம் வடிந்ததும் வீடு வீடாகப் போய் மீட்டரைக் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் கருவி போட்டுப் பார்த்து, ஒவ்வொரு வீட்டு சர்வீஸ் இணைப்பாக ஏற்றினோம். அந்த நாட்களில் ஐயர் குடியிருக்கிற குருமனைத் திண்ணையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் புளிச்சாதம் கட்டிக் கட்டி அனுப்பினார்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் அண்டாவோடு பிரியாணி கொண்டு வந்து, ஏணி மேல் நின்றவரை இறக்கிச் சாப்பிட வைத்தார். நான் சேறு அப்பிய கையோடு சொன்ன தோத்திரம் ரெண்டு சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேருக்கு எங்களையும் அனுப்புவார்கள். ரத வீதிகளில் சப்ளையை நிறுத்தி, தேர் நிலைக்கு வரும்வரை கூடவே நிற்போம். அன்றைக்கும் வழக்கம்போல ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன். அத்தனை ஆயிரம் பேர் வடம் பிடிக்கிற இடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, ஆண்டவரே. இது சரியா என்று சபையில் ஊழியம் செய்கிற ஒரு உபதேசியார் கேட்டார். சரிதான் என்றேன்.

எங்கள் சபைகளின் பழைய கதையும் இப்படித்தானே. முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம் என்று எல்லாரும் சொல்கிற தூய திரித்துவ ஆலயம் எழும்பியது 1826-ல். அதற்கும் முன்னால் 1785-லேயே எங்கள் சபையின் ஆரம்பகாலத்துக் கிளாரிந்தா அம்மாள் இங்கே ஒரு சின்ன ஆலயம் கட்டினார், கூடவே ஒரு கிணறும் வெட்டினார். ஆலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வந்திருப்பார்கள், கிணற்றுக்குத் தினமும் ஆள் வந்திருக்கும்.

சபை எங்களுக்காக ஜெபிப்பதும் எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சப் ஸ்டேஷனில் லைனை நிறுத்தியாச்சு என்று லைன் கிளியர் வாங்கி, கம்பத்தில் லைனைப் பிரிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியைப் பூமியோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியில் கை வைப்போம். அந்த எர்த்தில் ஏதாவது குறை இருந்து, ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் வழியாகத் திரும்பி வந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்டாகிவிடும், மேலே நிற்கிறவனுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள். அப்புறம், வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் ஒரு நல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, வாரியக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் கலக்காமல் மாற்றிவிடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.