டாமிஃப்ளூவுக்கு மசியாத எச்1என்1: 275ஆம் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது

2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் பரவிய பருவகால எச்1என்1 ஃப்ளூ வைரஸ்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஒசெல்டாமிவிருக்கு, அதாவது டாமிஃப்ளூவுக்கு, கட்டுப்படவில்லை. நார்வேயில் அந்த மருந்தை எழுதித் தருவதே அபூர்வம். உலகிலேயே அதை அதிகம் பயன்படுத்திய ஜப்பானில் அதே பருவத்தில் எதிர்ப்பு வைரஸ்கள் சொற்பமாகத்தான் இருந்தன. மருந்தை அள்ளிக் கொடுத்தால் எதிர்ப்பு வரும் என்று நாம் படித்த கணக்கு இங்கே உதைத்தது. 2008-09இல் அமெரிக்காவில் சோதித்த பருவகால எச்1என்1 ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு வைரஸ். பிறகு 2009 பெருந்தொற்றின் எச்1என்1 வந்து அந்தப் பழைய இனத்தையே துடைத்துப் போட்டது. புதியது மருந்துக்குக் கட்டுப்பட்டது. மருந்து மறுபடி பயன்பட்டதற்கு அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாறியது ஒரே எழுத்து. வைரஸின் மேற்பரப்பு நொதியான நியூராமினிடேஸின் மரபணுவில் 823ஆவது இடத்தில் சைட்டோசினுக்குப் பதில் யுராசில் வந்தால், புரதத்தின் 275ஆவது ஹிஸ்டிடின் டைரோசினாகிவிடும். இதுதான் எச்275ஒய் (எச் ஹிஸ்டிடினின் குறி, ஒய் டைரோசினின் குறி). பழைய கட்டுரைகள், என்2 வகை நியூராமினிடேஸை வைத்து எண்ணும் முறையில், 274 என்று எழுதும், இரண்டும் ஒன்றே.

புதிதாகப் பிறந்த வைரஸ், செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை வெட்டி விடுவிப்பது நியூராமினிடேஸ். ஒசெல்டாமிவிர் அந்த வெட்டும் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் எண்ணெய்த்தன்மையுள்ள பக்கக் கிளைக்குக் குழியில் ஆயத்த இடம் கிடையாது. (என்2 எண்ணில்) 276ஆவது குளூட்டாமிக் அமிலம் 224ஆவது ஆர்ஜினின் பக்கம் திரும்பிக்கொண்டால்தான் இடம் பிறக்கும். 275இல் பருத்த டைரோசின் வந்து உட்கார்ந்தால் அந்தத் திருப்பம் நடப்பதில்லை. இதே நொதியை அடைக்கும் இன்னொரு மருந்தான ஸானமிவிரில் அந்த இடத்தில் இருப்பது கிளிசரால் கிளை. அதற்கு 276 திரும்ப வேண்டிய தேவையே இல்லை. அதனால் எச்275ஒய் வைரஸ் மீது ஸானமிவிர் வழக்கம்போல் வேலை செய்யும். இதே வகை ஊசி மருந்தான பெரமிவிர் செய்யாது, அதற்கும் எண்ணெய்க் கிளை உண்டு. எச்275ஒய் உறுதியான நோயாளிக்கு 'ஊசி மருந்து வலுவானது' என்று நினைத்துப் பெரமிவிருக்கு மாறுவதில் பயன் இல்லை.

2007க்கு முன் இந்தப் பிறழ்வை யாரும் பெரிதாக அஞ்சவில்லை. மருந்து எடுத்த சிலரிடம் தோன்றும், பரவாமல் அங்கேயே முடியும் என்பதுதான் நிலை. ஆய்வகத்திலும் அது நொண்டி வைரஸ். பிறகு எப்படி உலகம் சுற்றியது? கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜெஸ்ஸி புளூம், லிஸி கோங், டேவிட் பால்டிமோர் மூவரும் 2010இல் இதற்கு விடை சொன்னார்கள். எச்275ஒய் வந்தால் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேரும் நியூராமினிடேஸின் அளவு குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டும் மாற்றங்கள், 222இலும் 234இலும், பருவகால எச்1என்1இல் முன்கூட்டியே குடியேறியிருந்தன. கடன் அடைந்த பிறகு வந்ததால் எச்275ஒய்க்கு வட்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆகவே பரவலை முடிவு செய்தது மருந்தின் அளவைவிட வைரஸின் மற்ற இடங்கள்தான். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் அதிகம் பேசப்பட வேண்டிய முடிவு இதுவே.

2009 வைரஸின் வழித்தோன்றல்களிலும் 241, 369 ஆகிய இடங்களில் இப்படி முட்டுக்கொடுக்கும் மாற்றங்கள் வந்துவிட்டன. 2011இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியிலும், 2013-14இல் ஜப்பானின் சப்போரோவிலும் எச்275ஒய் கொத்துக் கொத்தாகக் கிடைத்தது. பெரும்பாலோர் மருந்தைத் தொடாதவர்கள். இரண்டு இடத்திலும் அது உலகப் பரவலாக மாறவில்லை.

ஆய்வகத்தில் எதிர்ப்பை எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு வருவோம். மரபணு வரிசை பார்ப்பது விரைவு. நொதியை நேரடியாக அளப்பதுதான் சான்று. முனானா என்ற சேர்மத்தை நியூராமினிடேஸ் வெட்டினால் ஒளிரும் பொருள் விடுபடும். மருந்து எந்தச் செறிவில் இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கிறதோ அதுவே ஐசி50.

தாங்கல் கரைசல் 32.5 மில்லிமோலார் எம்இஎஸ், 4 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, பிஎச் 6.5. கால்சியத்தை விட்டுவிட்டால் நொதியின் வடிவமே தளர்ந்துவிடும். மருந்தில்லாமல் முதலில் வைரஸை மட்டும் இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்து ஓட்ட வேண்டும். ஒளிர்வு நேர்கோட்டில் ஏறும் பகுதியிலிருந்து ஒரு நீர்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டினால் வைரஸ் மிஞ்சிப்போகும், முனானா தீர்ந்துபோகும், ஐசி50 பொய்யாக ஏறும். பிறகு 0.03 முதல் 1000 நானோமோலார் வரை மருந்து வரிசை. வைரஸும் மருந்தும் சேர்ந்து குறைந்தது 30 நிமிடம் இருக்கட்டும்: ஒசெல்டாமிவிர் மெதுவாகப் பிணையும் மருந்து, காத்திருக்காவிட்டால் நல்ல வைரஸும் எதிர்ப்பு வைரஸ் போலத் தெரியும். அதன்பின் இறுதிச் செறிவு 100 மைக்ரோமோலார் வருமாறு முனானா, 37 டிகிரியில் 60 நிமிடம். காரக் கரைசலால் நிறுத்தி, 360 நானோமீட்டர் அருகே தூண்டி 450 அருகே படிக்க வேண்டும். காரம் நொதியை நிறுத்துவதோடு ஒளிர்வையும் கூட்டித் தரும்.

புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் மருந்துப் புட்டி. காப்ஸ்யூலில் இருப்பது ஒசெல்டாமிவிர் பாஸ்பேட். கல்லீரல் அதைக் கார்பாக்சிலேட்டாக மாற்றிய பிறகே வேலை செய்யும். சோதனைத் தட்டில் கல்லீரல் இல்லை. பாஸ்பேட்டை ஊற்றினால் எல்லா வைரஸும் எதிர்ப்பு வைரஸாகத் தெரியும். வாங்கும்போதே கார்பாக்சிலேட் என்று பார்த்து வாங்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையில், இன்ஃபுளுவென்ஸா ஏ வைரஸுக்கு ஐசி50, இயல்பான வைரஸோடு ஒப்பிட்டால், 10 மடங்குக்குள் ஏறினால் இயல்பு, 10 முதல் 100 வரை குறைந்த உணர்திறன், 100க்கு மேல் மிகக் குறைந்த உணர்திறன். பி வைரஸுக்கு இந்த எல்லைகள் 5, 50. எச்275ஒய் பல நூறு மடங்கு ஏற்றிக் காட்டும், சந்தேகத்துக்கே இடமிருக்காது. சிக்கல் கலப்பு மாதிரிகளில். மருந்துச் செறிவு ஏற ஏற நொதியின் வேலை குறைவதைக் காட்டும் வளைவு ஒரே சரிவாக இறங்காமல் நடுவில் படிக்கட்டு போல நின்றால் இரண்டு வைரஸும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். மென்பொருள் தரும் ஒற்றை ஐசி50 எண்ணை அப்போது நம்பக் கூடாது. வளைவு அடிமட்டத்துக்கே இறங்காவிட்டால் பாக்டீரியா கலந்திருக்கலாம். நிமோகாக்கஸுக்கும் சொந்த நியூராமினிடேஸ் உண்டு, இந்தச் செறிவுகளுக்கு அது அசையாது.

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் நொதி மிகக் குறைவு. அதனால் எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களில் வளர்த்துத்தான் சோதிக்க முடியும், அங்கே வேறொரு தொல்லை. எச்3என்2 வைரஸ்கள் அந்தச் செல்களில் வளரும்போதே 151ஆம் இடத்தில் மாறிவிடும்; நோயாளியிடம் இல்லாத 'எதிர்ப்பு' அட்டவணையில் ஏறிவிடும். விநோதமான எண் வந்தால், வளர்ப்புக்கு முந்தைய மூல மாதிரியின் மரபணு வரிசையை எடுத்து ஒப்பிட்ட பிறகே அறிக்கை எழுத வேண்டும்.

பல மருத்துவமனை ஆய்வகங்கள் 275ஐ மட்டும் தேடும் பிசிஆரோடு நிறுத்திக்கொள்கின்றன. 2023இலிருந்து சில நாடுகளில் தென்பட்ட எச்1என்1 வைரஸ்களில் 223, 247 ஆகிய இரண்டு இடங்களிலும் மாற்றம் சேர்ந்தே இருந்தது. ஒசெல்டாமிவிர் ஐசி50 பத்து மடங்குக்கு மேல் ஏறியது. 275 மாறவே இல்லை, பிசிஆர் 'எதிர்ப்பு இல்லை' என்றே சொல்லும். முழு நியூராமினிடேஸ் மரபணுவையும் படிப்பதும், மாதிரிகளில் ஒரு பங்கையாவது நொதிச் சோதனைக்கு அனுப்புவதும் ஆடம்பரம் அல்ல.

பலாக்ஸாவிர் என்ற வேறு வகை ஃப்ளூ மருந்து 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அது தாக்குவது, வைரஸின் மரபணுவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியின் பிஏ பகுதியை. அங்கே கவனிக்க வேண்டிய இடம் 38. ஐசோலூசின் திரியோனினாக மாறினால் உணர்திறன் விழும். மருந்து ஆய்வுகளில் பெரியவர்களில் பத்தில் ஒருவரிடமும், சிறு குழந்தைகளில் அதைவிடக் கூடுதலாகவும் 38ஆம் இடத்து மாற்றங்கள் சிகிச்சைக்குப் பின் தோன்றின. முனானா இதற்கு உதவாது. செல் வளர்ப்பில்தான் அளக்க வேண்டும், அதிலும் உடலில் வேலை செய்யும் வடிவமான பலாக்ஸாவிர் அமிலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். நியூராமினிடேஸ் வேறு இடமாதலால் எச்275ஒய் வைரஸுக்கு எதிராக பலாக்ஸாவிர் நல்ல மாற்று.

சிகிச்சைப் பக்கத்தில் எதிர்ப்பை வளர்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு ஒசெல்டாமிவிரின் சிகிச்சை அளவு தினம் இருவேளை 75 மில்லிகிராம், 5 நாள். தடுப்பு அளவு தினம் ஒருவேளை. தொற்று ஏற்கெனவே தொடங்கி, காய்ச்சலும் வந்துவிட்டவருக்குத் தடுப்பு அளவைத் தொடர்ந்தால், வைரஸை அடக்காமல், எதிர்ப்பு வைரஸை வடிகட்டி எடுக்க மட்டுமே செய்வோம். அறிகுறி தென்பட்டதும் முழு அளவுக்கு மாற வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் போன்றோரிடம் வைரஸ் வாரக்கணக்கில் வெளிவரும். 5 நாள் மருந்துக்குப் பிறகும் பிசிஆரில் வைரஸ் அளவு இறங்காவிட்டால், மருந்தை நீட்டுவதற்கு முன் புதிதாக ஒரு மாதிரி எடுத்து மரபணு வரிசைக்கு அனுப்புங்கள். காய்ச்சல் வந்து 48 மணி நேரம் கழித்துத் தொடங்கிய சாதாரண நோயாளிக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் தாமதம்தான். அங்கே 275ஐத் தேடி ஓட வேண்டியதில்லை.